கண்ணாடிக்காரனுக்கு ஒரு பதில்

டோக்கியோ
ஜனவரி 14

அன்புள்ள கோஹெய்,

நலம். நீயும் அக்காவும் நலம்தானே? புத்தாண்டுக்கு ஊருக்கு வரவில்லை என்று திட்டாதே. பக்கங்களை வரைந்து கொடுத்துவிட்டுப் படுத்தவன், பண்டிகையெல்லாம் முடிந்த பிறகுதான் எழுந்தேன்.

ஒரு விஷயம். என் புது மங்கா சித்திரக்கதை ஒரு மாதப் பத்திரிகையில் வந்துகொண்டிருக்கிறது. வெட்கத்தில் உனக்குச் சொல்லாமலே இருந்துவிட்டேன். துறைமுகத்தில் மீன் சாப்பாட்டுக் கடை நடத்தும் தத்சு என்ற நெட்டையனை, கண்ணாடி போட்ட ஒரு குட்டையன் காதலிக்கிறான். ஆமாம், இரண்டு பேரும் ஆண்பிள்ளைகள்தான். சிரிப்புக் கதை. இதுவரை வந்த இதழ்களை அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு எழுது. சிரிப்பு வரவில்லை என்றாலும் எழுது.

உன்,
யுசுரு


ஹிமி
பிப்ரவரி 2

டேய் யுசுரு,

படித்தேன். சிரித்தேன். பிறகு குழம்பினேன்.

அந்தத் தத்சு நான்தானே? புருவத்தில் தழும்பு, சாப்பிடும்போது முனகல், நின்றபடியே தூக்கம், எல்லாம் என்னுடையது. கடைக்கு வரும் மீனவர்கள் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, “என்ன தத்சு, இன்னிக்கு உன் ஆளு வரலையா?” என்று ஓட்டுகிறார்கள். அது போகட்டும். அந்தக் குட்டையன் யார்? கண்ணாடியைப் பார்த்ததும் நீயோ என்று நினைத்தேன். ஆனால் அவன் வாயைத் திறக்கவே மூன்று இதழ் நடுங்குகிறான். நீ அவ்வளவு பயந்தாங்கொள்ளி இல்லையே! டோக்கியோவில் உனக்கு யாராவது கிடைத்திருக்கிறார்களா? இருந்தால் என்னிடம் சொல்லக் கூடாதா? அக்காவைக் கேட்டால், “உன்னைக் கட்டி மேய்க்கிறதுக்கு நாலு மாடு வாங்கி மேய்க்கலாம்டா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏனோ அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வயிற்றுக் கோளாறு என்று மருந்து வாங்கிக் குடித்தேன்.

கோஹெய்


டோக்கியோ
பிப்ரவரி 10

அன்புள்ள கோஹெய்,

வயிறு எப்படி இருக்கிறது? குட்டையன் யாருமில்லை, கற்பனைதான். அதைப் போட்டுக் குடையாதே.

வந்திருக்கும் இதழில் குட்டையன் எப்படியோ தன் காதலைச் சொல்லிவிட்டான். தத்சு என்ன பதில் சொல்வான் என்று எனக்கே தெரியவில்லை, சத்தியமாக. எங்கள் பத்திரிகை ஆசிரியர் ஹதானோ மேடம் அதையே பிடித்துக்கொண்டார். “ரெண்டு பேரும் சேர்ந்துட்டா கதை அதோட முடிஞ்சுதுப்பா. இந்த மாதிரிக் கதை அப்படித்தான். சேரணுமா வேண்டாமான்னு வாசகர்களையே கேட்டுடுவோம்” என்றார். பத்திரிகையின் கடைசியில் வாசகர் அட்டை ஒன்று இருக்கும், பார். அதில் வரும் வாக்கை வைத்துத்தான் எங்கள் பிழைப்பே. நீயும் ஒன்று எழுதிப் போடு. எனக்காக இல்லை, உன் மனதில் பட்டதை எழுது.

உன்,
யுசுரு


ஹிமி
பிப்ரவரி 19

யுசுரு,

அட்டையைப் போட்டுவிட்டேன். என்ன எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். உனக்கு நல்லதைத்தான் எழுதியிருக்கிறேன். கருவாடு அனுப்பியிருக்கிறேன், ஒரே நாளில் காலி பண்ணாதே.

கோஹெய்


டோக்கியோ
மார்ச் 9

கோஹெய்,

கருவாடு வந்தது. நன்றி.

அட்டைகளைப் பார்க்க மேடம் என்னைக் கூப்பிட்டிருந்தார். அக்கா பெயரில் ஒன்று இருந்தது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மீன் வாடை வேறு. “சேரவே கூடாது. நண்பர்களாகவே இருக்கட்டும்” என்று எழுதி, அட்டை கிழியும்படி அடிக்கோடு போட்டிருந்தாய். மற்றவர்கள் பெரும்பாலும் சேரட்டும் என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆனால் எனக்கு உன் பதில்தான் தேவையாக இருந்தது. மனதில் பட்டதை எழுதச் சொன்னேன், எழுதினாய். உன்மேல் ஒரு தப்பும் இல்லை.

அப்படியே வரைந்து கொடுத்துவிட்டேன். தத்சு ஒன்றும் சொல்லாமல் நிற்கிறான், குட்டையன் ரயிலேறிப் போய்விடுகிறான். மேடம் அழுதே விட்டார். கோடையில் ஊருக்கு வர மாட்டேன். கொஞ்ச நாளைக்கு நீயும் எழுதாதே, கோஹெய். கெஞ்சிக் கேட்கிறேன்.

யுசுரு


ஹிமி
மார்ச் 13

டேய்,

எழுதாதே என்றால் எப்படி? எத்தனை முறை படித்தும் உன் கடிதம் எனக்கு விளங்கவில்லை. நல்லது செய்தவன்மேல் எதற்கு இந்தக் கோபம் என்று அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, கையிலிருந்த கரண்டியாலேயே என் மண்டையில் ஒன்று போட்டாள்.

“கண்ணாடிய மாட்டிக்கிட்டு, பள்ளிக்கூடத்துலேர்ந்து உன் பின்னாடியே சுத்தினது யாருடா? ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும் தெரியல! பாவம்டா அந்தப் புள்ள!”

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் குழம்பு கருகிப்போனது.

யுசுரு, சேர்ந்தால் கதை முடிந்துவிடும் என்று எழுதியது நீதானே? கதை முடிந்தால் நீ என்ன சாப்பிடுவாய்? போன கதை நின்றபோது குளிர்காலம் முழுக்க வெறும் பயறு முளையைத் தின்று கிடந்தாயே. அந்த இரண்டு பேரும் பத்து வருஷம் சேராமல் இழுத்தடித்தால் உன் வேலை நிற்காது என்றுதான் அப்படி எழுதினேன். அடிக்கோட்டுக்கு மட்டும் காரணம் வேறு. யாரோ ஒரு டோக்கியோக்காரனை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தக் குட்டையனை வரைகிறாய் என்று நினைத்துவிட்டேன். பேனாவை அழுத்தியது அந்த எரிச்சலில். அதற்குப் பெயர் பொறாமை என்று இப்போதுதான் தெரிகிறது. மருந்துக்கு அது எப்படிக் கேட்கும்?

பத்திரிகையில் அவன் ரயிலேறிப் போனால் போகட்டும். தத்சு வாயை மூடிக்கொண்டு நின்றால் நிற்கட்டும், அவன் மடையன். இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று உன் பக்கங்களிலேயே தேடிப் பார்த்தேன். குட்டையனுக்குத்தான் வசனம் எழுதியிருக்கிறாய், நெட்டையனுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால் இது என் சொந்த வசனம், சுமாராகத்தான் இருக்கும்: எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்காதே, தலை இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடையை அக்கா பார்த்துக்கொள்கிறாள். மதிய ரயிலில் உவேனோ ஸ்டேஷனில் வந்து இறங்குவேன். இதையும் நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் நடைமேடையிலேயே சொல்லிவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன், அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறேன். சரியாகத்தான் புரிந்துகொண்டேன் என்றால் நீ ஒன்றும் பேச வேண்டாம். என் கையில் ஒரு பை இருக்கும். அதை வாங்கிக்கொள்.

கோஹெய்