மடிப் புடவைக்கு ஓர் இடம்

1924 ஜனவரி 8, செவ்வாய்

இன்றும் மடி போயிற்று. முற்றத்துக் கொடியில் உலர்த்திய புடவையை வீட்டுக்கார வங்காளி மாசிமாவின் பேத்தி மீன் தின்ற கையோடு இழுத்துவிட்டாள். மறுபடி குளியல், ஈரப் புடவையோடு சமையல். மொட்டை மாடிச் சாவியைக் கேட்டால் மட்டும் மாசிமாவுக்குக் காது கேட்பதில்லை. காளிகாட்டில் இந்தப் பின்கட்டுக்குக் குடிவந்ததிலிருந்து இதே கதை.

இவருக்கு ஹெட் கிளார்க் வேலை கிடைத்தால் பாலிகஞ்சில் மாடியோடு வீடு பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வைரத்தோடா கேட்டேன்? ஒரு மொட்டை மாடி.

ஜனவரி 10

ஆபீஸ் துரைக்குப் பாறை ஏறும் பைத்தியம். கிளப் ஆரம்பித்திருக்கிறான். பாங்குரா பக்கம் சுசுனியா மலையடியில் கூடாரம் போட்டு, சனி ஞாயிறு தங்கி ஏறுவார்களாம். இவர் போய், "நான் திருச்சினாப்பள்ளி சார், பிறந்ததிலிருந்து மலைக்கோட்டை ஏறினவன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"அதுக்குப் படிக்கட்டு உண்டுன்னு சொன்னேளா?"

"அவன் கேக்கலை."

நம் வீட்டில் ஊறுகாய் ஜாடிக்காகப் பரணில் ஏறுகிறவள் நான். கீழே முக்காலியைப் பிடித்துக்கொண்டு, "விஜயம், இடது காலை அலமாரியில வை, வலது காலை எடு" என்று உத்தரவு போடுகிறவர் இவர். அதே ஹெட் கிளார்க் வேலைக்குப் போட்டியான சீதாராமன் ஜலதோஷம் என்று பின்வாங்கிவிட்டாராம். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜனவரி 15

நானும் போகிறேன்! கிளப் சமையல்காரன் கோழி அடிக்கிற கையால் இவர் சாப்பிடுவாரா? துரையே, "பட்டாபி, மனைவியை அழைத்து வா" என்றானாம். (இவர் பெயரை நான் எழுதவில்லை, துரை சொன்னதை எழுதினேன்.)

ஜனவரி 19, சனி. சுசுனியா

ரயில், மாட்டுவண்டி, இடுப்பு வலி. ஆனால் என்ன வெயில்! எவ்வளவு ஆகாசம்! கல்லிலிருந்து கொட்டும் ஊற்று நீரில் புடவையை அலசினேன். எங்கே உலர்த்துவது? கீழே எங்கு பார்த்தாலும் கோழி இறகும் துரையின் நாயும். ஆண்கள் டீ குடிக்கும்போது, கூடாரத்துக்குப் பின்னால் நின்ற பாறையில், முதுகுப்புறத்து வெடிப்பு வழியாக ஏறி, உச்சியிலிருந்த மரத்தில் கட்டிவிட்டு வந்தேன். பரண் மாதிரிதான். இனி ஒரு ஜந்து தொடாது.

ஜனவரி 20, ஞாயிறு

காலையில் குளித்துவிட்டு வருகிறேன், கிளப் முழுவதும் அந்தப் பாறையின் முன்னால் அண்ணாந்து நிற்கிறது. யாரும் ஏறாத பாறை என்று அவர்கள் தேடி வந்ததே அதுதானாம்! துரை கொடி நட இருந்த இடத்தில் என் அரக்குப் புடவை ஜம்மென்று பறக்கிறது.

யார் ஏறியது என்று துரை கேட்டான். எனக்கு இங்கிலீஷ் வராது, கேள்வி புரிந்தது. இவர் என்னைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தி, தாம்தான் என்று சொல்லிவிட்டார். பாவி மனுஷர்!

துரை கை தட்டினான். எங்கே, இன்னொரு தரம் ஏறிக் காட்டு என்றான். கயிறுகூட வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டுப் போனார். இரண்டு ஆள் உயரம் போனதும் அப்படியே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டார். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பிறகு, "விஜயம்!" என்று ஒரு குரல்.

ஹெட் கிளார்க்காவது மாடியாவது, இந்த மனுஷர் முழுசாகக் கீழே வந்தால் போதும் என்று ஓடினேன். பின்பக்கமாக ஏறி, புடவையின் ஒரு முனையை மரத்தில் இறுக்கி முடிந்து, மறுமுனையைத் தொங்கவிட்டேன். கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

"மடியாச்சேடி..."

"மடியும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு! பிடிச்சுக்கோங்கோ. இடது காலைக் கீழே வையுங்கோ. இப்போ வலது கால்."

இறங்கிவிட்டார். நானும் இறங்கி வந்ததும் துரை தொப்பியைக் கழற்றினான். எனக்கு!

மடி போயும் ஊருக்குத் திரும்பும்வரை நான் மறுபடி குளிக்கவில்லை.

ஜனவரி 23

சீதாராமனுக்கு ஆகிவிட்டது. ஹெட் கிளார்க் நாற்காலி மூன்றாவது மாடியில் இருக்கிறதாம், "உனக்கு உயரம் ஆகாது, பட்டாபி" என்று துரை தோளில் தட்டிச் சொன்னானாம். ரொம்பக் கரிசனம்.

அழுதேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

மாசிமாவுக்கு இன்னும் காது கேட்கவில்லை. நான் கேட்பதையே நிறுத்திவிட்டேன். கிணற்றுச் சுவர், ஜன்னலின் மேல்விளிம்பு, பிறகு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர். அவ்வளவுதான், ஏறிவிட்டேன். இவர் கீழே முக்காலியைப் பிடித்துக்கொண்டார். இடது கால், வலது கால் ஒன்றும் சொல்லவில்லை.

புடவையை உலர்த்தி முடித்தேன். நல்ல வெயில்.

"பாலிகஞ்ச் தெரியறதா?" என்று கேட்டார்.

நடுவில் தென்னைகள் மறைத்தன.

"தெரியறதே. கிட்டக்கத்தான் இருக்கு" என்றேன்.