கோட்டையூருக்குப் போகாத சைக்கிள்

அக்கா,

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறது, தூண்களில் கட்டியிருக்கும் தலையணைகளை அவிழ்த்துக்கொண்டு போங்கள் என்று ஆச்சி காலையில் போன் செய்தார்கள். கடையைத் திறக்காமல் நேரே அங்கே போனேன். எட்டுத் தூண், எட்டுத் தலையணை. ஏழு தலையணைகளை அவிழ்த்துத் தரையில் போட்டுவிட்டேன். எட்டாவது உங்கள் வீட்டிலிருந்து வந்தது. முடிச்சைத் தளர்த்தி இறக்கும்போது உங்கள் மூட்டுவலித் தைலத்தின் வாசம் வந்தது. நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. பஞ்சு இன்னும் அதை விடவில்லை. வெள்ளையடிக்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் கடைக்கு நீங்கள் முதலில் வந்தது குக்கர் கேஸ்கட்டுக்கு. சத்துணவு அமைப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. கேஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அண்டாக்களுக்குப் பக்கத்தில் சாய்த்திருந்த சைக்கிளையே பார்த்தீர்கள். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிள் அது. ஓட்டிய பெண் காலேஜுக்குப் போய்விட்டாள். வீட்டில் இடத்தை அடைக்கிறது என்றார்கள், இட்லிப் பானையைக் கொடுத்து நான் வாங்கிப் போட்டிருந்தேன். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்துத் தலைக்கூடையோடு தெருத்தெருவாகப் போனவள் நான். எந்தப் பழசையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை.

“இது விக்கிறதுக்கா?”

“பேத்திக்கா கேக்குறீக?”

“எனக்குத்தான்.”

நான் சிரித்துவிட்டேன்.

“சிரி, நல்லாச் சிரி. வருசா வருசம் பிள்ளைகளுக்கு சைக்கிள் குடுக்கையில பந்தல்ல நிண்டு கைதட்டுனவ நான். ஒருத்தியாச்சும் ‘நீயும் ஏறிப் பாரு’ன்னு சொல்லல. ஏத்தா, உனக்கு ஓட்டத் தெரியுமா?”

தெரியாது என்றேன். தலையில் கூடை இருந்தவளுக்கு சைக்கிள் எங்கே? கூடையை இறக்கியதும் கடைக்குள் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் அன்றைக்குத்தான் அது ஒரு குறையாகப் பட்டது.

உங்களுக்கு ஒரே ஒரு ஆசை. கோட்டையூரில் இருக்கிற உங்கள் அக்காவின் வாசலில் போய் நின்று மணி அடிக்க வேண்டும். “டவுன் பஸ்சுக்கு நிண்டு கால் வீங்கிப் போச்சான்னு கேட்டுக்கிட்டே வருவா. வந்து பாத்ததும் அவ மொகம் எப்படிப் போகுதுன்னு நான் பாக்கணும். அதுவரைக்கும் அவ காதுல விழுகக் கூடாது.”

பாத்திரம் வாங்க வந்த பெண்களிடம் பில் போடும்போதே விசாரித்தேன். ஓட்டத் தெரியாது, ஆனால் ஆசை உண்டு என்று சொல்ல ஒவ்வொருத்தியும் முதலில் வாசலை எட்டிப் பார்த்தாள். ஐந்து பேர் தேறினோம். சைக்கிளெல்லாம் என் பழைய வியாபாரத்தில் வந்தவை. தூக்குச்சட்டிக்கு ஒன்று, தோசைக்கல்லுக்கு ஒன்று. இடம்தான் கிடைக்கவில்லை. மைதானத்துக்குப் போனால் ஊரே பார்க்கும். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சியும் நம் ஐவரில் ஒருவர். “எங்க வீட்டு வளவுல ஓட்டுங்க. கதவைச் சாத்திட்டா யாருக்குத் தெரியும்?” என்றார்கள். தேக்குத் தூணில் மோதி மண்டை உடையாமலிருக்க ஆளுக்கொன்றிரண்டு தலையணை கொண்டுவந்து பழைய சேலையால் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

ஆச்சி ஒரே ஒரு கண்டிப்பு வைத்தார்கள். “சாமி அறை இருக்கு. இடமாச் சுத்தாதீக, வலமாச் சுத்துங்க.” நாமும் பயபக்தியாகக் கேட்டுக்கொண்டோம். நான்கு மாதம் வலமாகவே சுற்றினோம். நான்தான் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள். எனக்கும் அதில் உள்ள வில்லங்கம் தெரியவில்லை.

முதல்முதலாகக் கதவைத் திறந்து தெருவில் இறங்கியவர் நீங்கள். தெருமுனை வரை அழகாகப் போனீர்கள். கோட்டையூர் ரோட்டுக்கு அங்கே இடதுபுறம் திரும்ப வேண்டும். உங்கள் கை தானாக வலதுபுறம் ஒடித்தது. எதிர்ப்பக்கம் போய்க் கருவேலத்துக்குள் விழுந்தீர்கள். தூக்கிவிட ஓடி வந்தோம். முள்ளுக்குள் உட்கார்ந்துகொண்டு நீங்கள் சிரித்தீர்கள்.

“அடியே, நாலு மாசமாச் சாமி கும்பிட்டிருக்கோம். சைக்கிள் படிக்கலை.”

டீக்கடையிலிருந்து ஒருவர், “பாத்திரக்கடையம்மா, இங்குட்டு எங்க ஊர்வலம்?” என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் கேட்டது. எனக்கு அது முள்ளாகக் குத்திவிட்டது.

அடுத்த வாரமே ரோட்டுக்குப் போகலாம் என்று கேட்டீர்கள். எல்லாரும் இடப்பக்கம் திரும்பப் பழகட்டும் என்றேன். பழகியதும் மழை முடியட்டும் என்றேன். மழை முடிந்ததும் பொங்கல் வியாபாரம் என்றேன். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று நீங்கள் நம்பினீர்கள். அது பொய், அக்கா. மறுபடி யாராவது விழுந்தால் என் கடைப் பெயரைச் சொல்லி ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். கூடையோடு போன காலத்தில் இந்த ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது போதும் என்று நினைத்தேன். அதை உங்களிடம் சொல்லியிருந்தால், “நீ கடையில இரு, நான் போயிட்டு வாரேன்” என்று கிளம்பியிருப்பீர்கள். அதனால்தான் சொல்லவில்லை.

“என்னத்தா, மாசிக்காவது போவமா?” என்று கேட்டதுதான் கடைசி. போவோம் என்றேன். தை முடியவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

துக்க வீட்டில் உங்கள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். “இவுக உங்க வீட்டுக்கு சைக்கிள்ல வரணும்னு இருந்தாக” என்றேன். அவர் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். “சைக்கிளா? இவளா? ஆறுதலுக்குச் சொல்றீக. இருக்கட்டும்த்தா.” ஆச்சி சாட்சி சொன்னார்கள். அதையும் அவர் மரியாதைக்குத்தான் கேட்டுக்கொண்டார். சாத்திய கதவுக்குள் ஓட்டியதை யார் பார்த்தார்கள்? அலுமினியத்தையே வெள்ளிபோல் பேசி விற்றவள் நான். உள்ளதை உள்ளபடி சொன்ன அன்றைக்கு என் பேச்சு எடுபடவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிறன்று ஆச்சி வளவில் நின்ற உங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் கோட்டையூருக்குப் போனேன். பஸ் வரும்போதெல்லாம் இறங்கி நின்றேன். வழியில் சிரித்தார்களா என்று தெரியாது, நான் பார்க்கவில்லை. வாசலில் நின்றேன். மணி அடிக்கக் கை வரவில்லை. அது உங்கள் மணி. “அக்கா” என்று கூப்பிட்டேன்.

உங்கள் அக்கா வந்தார். என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். படியிறங்கி வந்து சீட்டின் மேல் கையை வைத்தார். அவரும் உங்கள் உயரம்தான். சீட் அவர் இடுப்பளவுக்கு இருந்தது.

“இம்புட்டு உசரத்துல உக்காந்தாளா? அவளுக்குக் கால் எட்டுச்சா?”

“கட்டைவிரல் மட்டும் எட்டும்” என்றேன்.

அவர் செருப்பிலிருந்து காலை எடுத்து, பெருவிரலைத் தரையில் ஊன்றிப் பார்த்தார். அப்புறம் சீட்டைப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் அழுதார். அன்றைக்குத்தான் நம்பினார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது, அக்கா. நான் பார்த்துவிட்டேன். எனக்கு உரியதில்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது. யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்றும் தெரியவில்லை.