பீரோக் கண்ணாடியில் முப்பத்தேழு பொட்டு

அம்மாடி,

இன்று காலை பீரோக் கண்ணாடியைத் துடைக்கப் போனவள் துணியும் கையுமாக நின்றுவிட்டேன். ஓரத்தில் நீ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். சாயம் போயும் விழாமல் இருக்கின்றன. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எண்ணினேன். முப்பத்தேழு.

இந்த வீட்டுக்கு மருமகளாய் வந்து, ஒரகடத்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தலைவலி என்று உட்கார ஆரம்பித்தாய். ஒரு பக்கம் மட்டும் இடிக்கும். வெளிச்சம் ஆகாது. தாளிக்கிற வாசம் பட்டால் வாந்தி. முதல் வேலையாகப் பொட்டைப் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்டுவாய். வலி விட்டால் புதுசு ஒன்று வைப்பாய்.

"இன்னாடி இது? புருசன் குத்துக்கல்லாட்டம் கீறான், நெத்திய மூளியா வெச்சிக்கினு!"

"பொட்டு கூட பாரமா கீது அத்தே. தோலு எரியுது."

"நாங்கல்லாம் தலைவலியோடதான் நாத்து நட்டோம். உனுக்கு மட்டும் பொட்டு பாரமா?"

சுக்குப் பத்து போட்டேன், மிளகாய் சுற்றினேன். டாக்டரிடம் மட்டும் கூட்டிப் போகவில்லை. நான் அஞ்சாவது படித்தவள், தெருவில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் வாசித்துச் சொல்பவள். எனக்குத் தெரியாத வியாதி உனக்கு எப்படி வரும்?

நீ கடைசியாக வேலைக்குக் கிளம்பிய காலையில் சோற்று டப்பாவை வாங்க உன் கை தடவியது.

"அத்தே, உன் மூஞ்சில பாதி தெரில. வலப்பக்கம் பூரா ஜரிக மாரி மின்னுது."

"நடிக்காதடி. பஸ்சு வந்துரும், போ."

ரோட்டைத் தாண்டினால்தான் கம்பெனி பஸ். லாரி உன் வலப்பக்கமிருந்து வந்தது. வெயிலடிக்கிற நேரத்தில் அத்தனை பெரிய லாரி எப்படித் தெரியாமல் போச்சு என்று ஊரே கேட்டது. நானும் கூடச் சேர்ந்து கேட்டேன்.

உன் மகளும் இப்போது கம்பெனிக்குத்தான் போகிறாள். போன மாதம் சாப்பிட உட்கார்ந்தவள் நெற்றிப் பொட்டைப் பிய்த்தாள். "ஆயா, தட்டுல பாதி காணோம்."

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

"லீவு போட்டா சூப்பர்வைசர் கத்துவாரு ஆயா."

"கத்தட்டும்."

தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டு மைக்ரேன் என்றார். சிலருக்கு வலி வருமுன் கொஞ்ச நேரம் பார்வை பாதி மறைந்துவிடுமாம். "குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துதா?"

"இல்ல மேடம்" என்றாள் உன் மகள். அவளுக்கு எப்படித் தெரியும்? நீ போனபோது கைக்குழந்தை.

"இருந்திச்சிம்மா. இவ அம்மாவுக்கு. கண்ணு பாதி தெரிலன்னு சொன்னா. நடிக்கிறான்னு நான்தான் ரோட்டுக்கு அனுப்பினேன்."

உன் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். வரும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தினம் ஒரு மாத்திரை, வலி தொடங்கியதும் போட இன்னொன்று, நைட் ஷிப்ட் கூடாதென்று கம்பெனிக்கு ஒரு சீட்டு. இந்த மாதம் மூன்று தடவைதான் வந்தது. முன்னே வாரத்துக்கு இரண்டு வருமாம், என்னிடம் சொன்னதில்லை. வலி வருகிற நாளையெல்லாம் நோட்டில் குறித்துவரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. வலி விட்டதும், "எழுதிக்கோ ஆயா" என்பாள். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், கண் தெரிந்ததா. சொன்னது சொன்னபடி எழுதுகிறேன். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை.

கண்ணாடியைத் துடைக்கவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் உன் பேரைப் போட்டு முப்பத்தேழு என்று எழுதினேன். தேதிக்கு நேரே எழுத ஒன்றுமில்லை. நான்தான் கேட்டு வைக்கவில்லையே.