வாசலில் மாட்டிய இலையுதிர்காலம்

பிராம்ப்டன், கனடா
22.09.2024

அன்பு சுல்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எனக்குக் குறை ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் குளிர் வருமுன்பே முறைப்பாடு சொல்லத் தொடங்கிவிட்டது. நீயும் மகள் அப்ராவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

போனில் ஒன்றைச் சொன்னால் "பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு மீன் அரியப் போய்விடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஆறுதலாகப் படி.

இங்கே இப்போது இலையுதிர்காலம். மரமெல்லாம் செம்மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. நான் வேலை செய்கிற கடையில் இந்த மாதம் முழுவதும் அதே வியாபாரம்தான். சனங்கள் குசினியையும் சாப்பாட்டறையையும் இந்தக் காலத்துக்கென்றே சோடிக்கிறார்கள். மேசைக்குப் பழுப்புத் துணி, அதன் மேல் பூசணிக்காய், மெழுகுதிரி, வாசல் கதவில் இலையால் கட்டிய வளையம். பார்த்தால் உனக்கும் ஆசை வரும்.

எனக்கு ஒரு யோசனை. மார்கழிக் காற்றுக்குக் கடலில் பட்டம் கட்டி ஓட வருகிற வெள்ளைக்காரர் எல்லோரும் பக்கத்து விடுதிகளுக்குப் போகிறார்கள். நம் வீட்டையும் விடுதியாக்கினால் என்ன? குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில் உள்ள சுவரை உடைத்து ஒரே மண்டபமாக்கி, இந்த விதமாகச் சோடித்துப் படம் எடுத்தால், இங்கே ஒரு சிநேகிதர் இணையத்தில் போட்டுத் தருவார். தங்கள் ஊரை விட்டு வருகிறவர்களுக்குத் தங்கள் ஊரையே கண்டால் மனம் குளிரும்தானே. நீ சமைப்பதற்குக் கிணற்றடியில் ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளலாம்.

சோடனைச் சாமான்களைப் போன மாதமே பெட்டியில் அனுப்பிவிட்டேன். தம்பி அம்ஜத் வந்து வேலைகளைப் பார்ப்பான்.

உன்
றஸீன்


கண்டக்குழி
05.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் இருவரும் சுகம். முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவுங்கள். கடிதம் எழுதும் யோசனை எனக்குப் பிடித்துக்கொண்டது. போனில் நான் ஒரு சொல் சொல்ல நீங்கள் ஒன்பது சொல்வீர்கள். கடிதத்தில் நடுவில் பாய முடியாது. ஆகையால் இந்தக் கதையை இனிக் கடிதத்திலேயே வைத்துக்கொள்வோம். இதற்காகப் போன் எடுத்தால் நான் தூக்க மாட்டேன்.

பெட்டி வந்தது. அப்ரா சொக்கலேட் என்று ஓடி வந்து திறந்தாள். முழுக்க இலை. அதுவும் காய்ந்த இலை. நான் விடிய எழும்பி முற்றம் கூட்டி நெருப்பு வைக்கிற சாமானை நீங்கள் காசு கொடுத்து வாங்கிக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறீர்கள். கண்டக்குழியில் கொட்டுகிறது போதாது என்று உங்களுக்கு யார் சொன்னது? கற்பிட்டித் தோட்டங்களில் பூசணி உருண்டு கிடக்க, பிளாஸ்டிக்கில் வேறு அனுப்பியிருக்கிறீர்கள். அதை ஆணம் காய்ச்சவும் முடியாது, மாட்டுக்குப் போடவும் முடியாது.

சிரித்து முடிந்தது. இனிக் கேளுங்கள்.

அந்தச் சாப்பாட்டறையில் பாய் விரித்து, சஹனில் சோறு போட்டு, ஒரே தட்டத்தைச் சுற்றி எல்லோரும் கை வைத்துத்தான் நாம் சாப்பிட்டிருக்கிறோம். நம் கலியாணச் சோறும் அங்கேதான். குசினிக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர் இருப்பதால்தான் ஆம்பிளைகள் வந்திருக்கும்போதும் நான் தலைத்துணியைக் கழற்றிவிட்டு என் பாட்டுக்குச் சமைக்கிறேன். உங்கள் படத்தில் மேசை இருக்கிறது, மெழுகுதிரி இருக்கிறது. நான் எங்கே? மாரி மழையில் கிணற்றடிக் கொட்டிலிலா?

இது வாப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு. நாளைக்கு அப்ராவுக்குப் போகிற வீடு. சுவரை உடைக்கலாமா என்று நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, அறிவித்திருக்கிறீர்கள். அதுதான் எனக்குச் சுட்டது.

இலையை வேண்டுமானால் மாட்டிப் பாருங்கள், தடுக்க மாட்டேன். சுவரில் கை வைக்க விட மாட்டேன்.

உங்கள்
சுல்பா


பிராம்ப்டன்
14.10.2024

சுல்பாவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இவ்வளவு வாய் உனக்கு எங்கிருந்து வந்தது?

வீடு யார் பேரில் இருந்தால் என்ன? புருஷன் பெண்சாதிக்குள் உன்னுடையது என்னுடையது என்று பிரித்துப் பேசலாமா? நான் இங்கே பனியில் நின்று உழைப்பது யாருக்காக? நாளைக்கு நான் ஊரோடு வந்தால் எனக்கும் ஒரு தொழில் வேண்டாமா? சிநேகிதரிடம் படம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் சொல்லுக்கு என் வீட்டிலேயே மதிப்பில்லை என்றால் வெளியில் யார் மதிப்பார்?

அம்ஜத்திடம் சொல்லியாயிற்று. இருபத்தெட்டாம் திகதி மேசன் வருவான். சுவர் உடைக்கும் தூசு உனக்கு ஆகாது. அன்றைக்கு நீ அப்ராவோடு புத்தளத்தில் உன் கூடப்பிறந்த மூத்தவள், தாத்தா வீட்டில் போய் நின்றுகொள். திரும்பி வரும்போது பார்த்து நீயே சந்தோஷப்படுவாய்.

பிடிவாதம் வேண்டாம்.

றஸீன்


கண்டக்குழி
30.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அப்ரா போனில் உங்களைத் தூக்கத்தில் எழுப்பி, "வாப்பா, உசிரோட இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதது ஏன் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். சொல்கிறேன்.

இருபத்தெட்டாம் திகதி நான் தாத்தா வீட்டில் நிற்பதற்காகப் போகவில்லை. அப்ராவின் கண்ணைக் காட்ட முதல் பஸ்ஸில் புத்தளம் போனேன், மேசன் வெயிலேறித்தான் வருவான், அதற்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்து. டாக்டரிடம் சனம் கூடிப்போய்ச் சுணங்கிவிட்டது. பஸ்ஸால் இறங்கி நம் ஒழுங்கைக்குள் திரும்பினால் வீட்டு முற்றம் நிறையச் சனம். ஆம்பிளைகள் தொப்பியோடு நிற்கிறார்கள். உள்ளே செத்த வீட்டில் போல யாஸீன் ஓதும் சத்தம் கேட்கிறது. நான் சாவி கொடுத்துவிட்டுப் போன பக்கத்து வீட்டு பஸீஹா ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "சபூர் செய் சுல்பா. அல்லாஹ் குடுத்தான், அல்லாஹ் எடுத்தான்" என்றாள்.

மச்சான், அந்த இடத்திலேயே நான் மண்ணில் இருந்துவிட்டேன். உங்களோடு சண்டை பிடித்தது, போன் தூக்காதது எல்லாம் ஞாபகம் வந்தது. நான் அழுத அழுகை பொய்யில்லை. அதை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பஸீஹா என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அழாத. ஊடாவது உன்ட பேர்ல இரிக்கி. குசினி இரிக்கி. நாளைக்கு ஒருத்தன்ட கையப் பாத்து நிக்கத் தேவல்ல."

சற்று நேரத்தில் அம்ஜத் சீமெந்து மூட்டையோடு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினான். சனத்தைக் கண்டதும் "நானா, நானா" என்று உங்களைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு கதவைப் பிடித்து அழத் தொடங்கினான். அவனுக்கு யார் சொன்னது என்று கேட்டால் தெரியாது. பஸீஹாவுக்கு யார் சொன்னது என்றால் பள்ளிவாசல் மோதினார். மோதினாருக்கு யார் சொன்னது என்றால், மீன் வாடிக்குப் போகும் வழியில் மீன்காரர் சூசைப்பிள்ளை. சூசைப்பிள்ளை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மதிலோரம் நின்றார்.

"மகள், நான் காலைல கடலால வாறன், கதவுல மலர்வளையம் தொங்குது. ஊடு பூட்டி. தம்பி வெளிநாட்டில. நான் சிலுவை போட்டுக்கொண்டு போய்ச் சொன்னன். வேற என்ன நெனைக்கச் சொல்றீங்க?"

அப்போதுதான் எல்லோரும் கதவைப் பார்த்தோம். விடியற்காலை நான் பஸ் ஏறிய கையோடு அம்ஜத் வந்து, விறாந்தையில் கிடந்த கனடா வளையத்தை எடுத்து வாசல் கதவில் மாட்டிவிட்டு, சீமெந்து வாங்கக் கற்பிட்டிக்குப் போயிருக்கிறான். தான் மாட்டிய வளையத்துக்குக் கீழே நின்றுதான் அவ்வளவு அழுகையும் அழுதான். அப்ரா உங்களை எடுத்தது அதற்குப் பிறகு. நீங்கள் "யாரு, என்ன இந்த நேரத்துல" என்று எரிந்து விழுந்ததைப் போனில் சத்தமாக வைத்து எல்லோரும் கேட்டோம். மோதினார் "அல்ஹம்துலில்லாஹ், அதே குணம்தான்" என்றார்.

உங்களைப் பற்றி அதுவரை நல்லதாகத்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகச் சந்தோஷப்படுங்கள்.

மையித்து வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று அயல்வீட்டார் அதற்குள் சோறும் மீனாணமும் கொண்டு வந்துவிட்டார்கள். அதைத் திருப்பி அனுப்பவா முடியும்? சாப்பாட்டறையில் பாய் விரித்தபடியே இருந்தது. சஹன் சஹனாகப் போட்டோம். சூசைப்பிள்ளையையும் இழுத்து உட்கார வைத்தார்கள். மேசனும் ஒரு சஹனில் இருந்தார். பாவம், சம்மட்டியோடு வந்தவர் சனத்தைக் கண்டு அதைப் படியில் வைத்துவிட்டுக் காலையிலிருந்து யாஸீன் கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் வளையம் இல்லாவிட்டால் நான் வரும்போது சுவர் இருந்திருக்காது.

நான் அவரிடம், "வயிறு நிறையச் சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு சம்மட்டிய எடுத்துக்கொண்டு ஊட்ட போங்க" என்றேன். அம்ஜத்திடம் பெட்டியையும் இலையையும் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மச்சான், நீங்கள் உயிரோடு இருப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷமோ, பஸீஹா சொன்னதும் அவ்வளவு நிசம். நீங்கள் இல்லாமல் போனால் என் கையில் மிஞ்சுவது என்ன என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கும் உங்களுக்கும்தான் தெரியாமல் இருந்தது. நான் இல்லாத நேரம் பார்த்துச் சுவரை உடைக்க ஆள் அனுப்பினீர்கள். அது தூசுக்காக அல்ல. என்னை எதிரில் வைத்துக்கொண்டு உங்களால் செய்ய முடியாது என்பதற்காக. அந்தளவுக்கு நீங்களும் என்னை அறிந்திருக்கிறீர்கள்.

உங்கள்
சுல்பா


பிராம்ப்டன்
09.11.2024

சுல்பாவுக்கு,

கண்டக்குழி முழுவதும் என்னை வைத்துச் சிரிக்கிறது. இங்கே புத்தளத்துப் பொடியன்கள் கூட "மௌத்தான றஸீன்" என்று கூப்பிடுகிறார்கள். என் சொந்தத் தம்பியை ஊருக்கு முன்னால் பெட்டி தூக்க வைத்து அனுப்பியிருக்கிறாய்.

மார்கழிக்கு வர டிக்கெட் போட்டிருந்தேன். மதிப்பில்லாத வீட்டுக்கு நான் வர மாட்டேன். ஒன்று அந்தச் சுவர் போக வேண்டும், இல்லாவிட்டால் நான் வரப்போவதில்லை. நீட்டி எழுதாதே. சுவரா, நானா? ஒரே சொல்லில் பதில் போடு.

றஸீன்


கண்டக்குழி
17.11.2024

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சுவர்.

ஒரே சொல்லில் கேட்டீர்கள், தந்துவிட்டேன். இனி வருவது நீங்கள் கேட்காதது. விரும்பினால் படியுங்கள்.

விடுதி வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. பக்கத்து விடுதிக்காரரிடம் நானே போய்க் கதைத்தேன். காற்று தொடங்கியதும் பின்னேரச் சாப்பாட்டுக்கு ஆட்களை இங்கே அனுப்பச் சொன்னேன். காற்றுக்கு முன்பே வந்து நிற்கிற நாலு பேர் போன கிழமை வந்தார்கள். பாயில் இருந்து, ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிட்டார்கள். ஒருவருக்குச் சம்மணம் கட்ட வரவில்லை, காலை நீட்டிக்கொண்டு சாப்பிட்டார். ஒருவரும் இலை எங்கே என்று கேட்கவில்லை. நாளைக்கும் வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள், வந்தார்கள். பஸீஹா என்னோடு சேர்ந்து சமைக்கிறாள். மீன் சூசைப்பிள்ளை தருகிறார். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அப்ராதான் கொண்டுபோய் வைக்கிறாள்.

பயமில்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. உங்கள் கடைசிக் கடிதம் வந்த அன்று அரிசியைக் கழுவிக்கொண்டே அழுதேன். ஆனாலும் ஒரு தரம் உங்களுக்காக மண்ணில் விழுந்து அழுது பார்த்தவள் நான். நீங்கள் வர மாட்டேன் என்பது அதைவிடப் பெரிய செய்தியா?

டிக்கெட்டைக் கிழிப்பதும் வைப்பதும் உங்கள் விருப்பம். நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடு மாப்பிள்ளைக்குப் பின்னால் போகாது. அப்படித்தான் நீங்கள் வெள்ளைச் சாறன் கட்டிக்கொண்டு இந்த வாசலால் வந்தீர்கள். நான் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உங்களுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

மாப்பிள்ளையாக வருவதென்றால் இன்றைக்கே வாருங்கள். உங்களுக்கு விருப்பமான கணவாய் ஆணம் காய்ச்சி வைப்பேன், சஹனில் என் பக்கத்தில் உங்களுக்கு இடம் இருக்கும். முதலாளியாக வருவதென்றால் சிரமப்பட வேண்டாம். இந்த வீட்டில் அந்த வேலையை நான் பார்க்கிறேன்.

சுல்பா