தொண்ணூத்தி நாலு டிகிரி

என் வீட்டு எடிட்டரம்மாவுக்கு,

இங்கே நான் நல்லா இருக்கேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறியா?

உன் கம்ப்யூட்டர்ல கிராபிக்ஸ் கார்டோட சூடு எண்பது டிகிரி காட்டுதே, அதிகமான்னு கேட்டிருந்தே. நீ எடிட் பண்ணின வீடியோ ரெண்டர் ஆகி முழுசா உருவாகும்போது எண்பதெல்லாம் அதுக்குச் சாதாரணம். தொண்ணூறைத் தாண்டினாத்தான் பயம்.

நேத்து தாண்டிடுச்சு. கிடங்குல பெட்டி அடுக்கும்போது, கார்டு சூட்டை இங்கிருந்தே பார்க்க நீ என் போன்ல போட்டுக் கொடுத்த ஆப்பைப் பார்த்தேன். தொண்ணூத்தி ரெண்டு. உன்னைக் கூப்பிட்டா எடுக்கலை. தொண்ணூத்தி நாலு. உன் பொழைப்பே அந்தக் கார்டுலதான் இருக்கு, மறுபடி கூப்பிட்டேன். அம்மாதான் எடுத்தாங்க. "அவ கடைக்குப் போயிருக்கா. கம்ப்யூட்டருக்குள்ள தூசி போகாம உன் போர்வையால மூடி வெச்சிருக்கேன்"னு பெருமையா சொன்னாங்க. "எடும்மா!"ன்னு நான் போட்ட கத்தல்ல கிடங்கே திரும்பிப் பார்த்துச்சு. எண்பதுக்கு இறங்கினப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

"இன்னொரு தடவை போனைத் தொட்டா வீட்டுக்கே போயிடலாம்"னு சூப்பர்வைசர் மிரட்டினார். ஒரு நிமிஷம் ஆசையா இருந்துச்சு.

அம்மாகிட்ட மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. ஃபேன்ல தூசி தட்டு, கம்ப்யூட்டர் பெட்டியைச் சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளி வை. ஆப்பை எடுத்துடுங்கன்னு மட்டும் சொல்லாதே. ராத்திரி கார்டு நாற்பதுக்கு இறங்கினா நீ வேலையை முடிச்சுப் படுத்துட்டேன்னு அர்த்தம். அதைப் பார்த்துட்டுத்தான் நானும் லைட்டை அணைக்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு, முடிக்கிறேன். போன வாரம் ஒரு நாள் விடிய விடிய எண்பதுலயே நின்னுச்சு. இனிமே அப்படிச் செய்யாதே. எனக்கும் தூக்கம் வேணும்.