களிமண் தக்காளிக் கடை

என் தங்கத்துக்கு,

போனிலேயே சொல்லக்கூடிய விஷயத்துக்குக் கடிதமா என்று அலுத்துக்கொள்ளாதே, மன்னித்துவிடு. போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீ சொல்லிவிடுகிறாய். நாங்கள் இருவரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து அப்பாவுக்கு வீட்டுத் தூசியெல்லாம் தெரிகிறதாம், துடைப்பம் மட்டும் இன்னும் கண்ணில் படவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன், எழுதும்போதே சிரிப்பு வருகிறது. பள்ளியில் மாடிப்படிக்குக் கீழே என் பேச்சுப் பயிற்சி அறை இருக்கிறதல்லவா, பிள்ளைகளை வகுப்பிலிருந்து ஒவ்வொருவராக அழைத்துவந்து கதவைச் சாத்திக்கொண்டு பழக்குவேன். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று பெயர்தான், நாலு பேரைக் கண்டால் இன்றும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் அந்த அறை பிள்ளைகளைவிட எனக்குத்தான் வசதி. திக்கிப் பேசும் ஒரு சிறுமி, வகுப்பில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர், அறையில் என்னிடம் வாயாடுவாள், வகுப்புக்குத் திரும்பினால் வாய்க்குப் பூட்டு. அறையில் வந்த பேச்சு அறையோடு போனால் யாருக்கு லாபம் என்று போன வாரம் துணிந்து வகுப்புக்குள்ளேயே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சின்னப் பெஞ்சு, முழங்கால் தாடையை இடித்தது. கணக்கு டீச்சர் கடை விளையாட்டு வைத்தார், களிமண் தக்காளிக்கு இவள் கடைக்காரி. டீச்சர் ஒரு பழத்தை அழுத்திப் பார்க்க, இவள் அ… அ… என்று நிற்கிறாள், வகுப்பே அவள் வாயைப் பார்க்கிறது. வார்த்தையை எடுத்துக் கொடுக்க எனக்கு நாக்கு துடித்தது, கொடுக்காமல் பக்கத்தில் சும்மா இருந்தேன். 'அமுக்காதீங்க டீச்சர், வாங்குறதா இருந்தா தொடுங்க!' என்று வந்து விழுந்தது பார்! டீச்சர் சிரித்த சிரிப்பில் பழம் நசுங்கியே போயிற்று. அடுத்த நிமிடம் 'கடைக்காரம்மா, கொசுறு உண்டா' என்று பிள்ளைகள் முண்டியடிக்கிறார்கள், கோட்டான் பறந்தே போயிற்று. நான் பாடிக்கொண்டே வீட்டுக்கு வர, 'என்ன, லாட்டரி விழுந்துடுச்சா?' என்கிறார் உன் அப்பா.

ஆனால் தலைமையாசிரியை, 'பயிற்சி அறையிலயா வகுப்புலயான்னு வெள்ளிக்கிழமை கூட்டத்துல பெற்றோர் முன்னாடி நீங்களே எழுந்து சொல்லுங்க, இல்லேன்னா பழையபடி அறைதான்' என்றுவிட்டார். மழலை மாறாத சிலருக்கு அறை வேண்டும்தான், ஆனால் இவளை மறுபடி படிக்குக் கீழே கூப்பிட எனக்கு மனமில்லை.

நூறாண்டு நன்றாயிரு, குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. இன்னும் ஒன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அங்கே விடிந்திருக்காது, இருந்தாலும் வெள்ளிக்கிழமை கூட்ட நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்துகொள். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டுதான் பேசப் போகிறேன், நீ லைனில் இரு. நான் நடுவில் நின்றுபோனால் வார்த்தை எடுத்துக் கொடுக்காதே, பக்கத்தில் சும்மா இரு, போதும்.

உன் அம்மா