தூக்கச் சொல்லும் ஊதல்

அன்புள்ள மாமா,

தோத்திரம். கோபமெல்லாம் இல்லை. அந்த நாட்டில் திருவிழாவுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீங்கள்தான் என்ன செய்வீர்கள்?

நீங்கள் அனுப்பிய ஆல்பத்தை மாதா திருவிழாவன்று செந்துறை மைக்செட்காரரிடம் கொடுத்தேன். பல தேசத்துக்காரர்கள் நாற்பது பேர் ஒரே மேடையில் வாசித்த ஜாஸ் இசை என்றதும் தயங்கினார். "எங்க வூட்டுக்காரரும் ட்ரம்பெட் ஊதியிருக்காருங்க" என்றேன். உடனே போட்டுவிட்டார்.

ஆப்பிரிக்கக்காரர் மத்தளம், துருக்கிக்காரர் புல்லாங்குழல் என்று ஒவ்வொன்றாக வந்தது. பிறகு நீங்கள் தனியாக ஊதினீர்கள். அதுவும் எதை? வருஷா வருஷம் சப்பரத்தைத் தூக்கச் சொல்லி ஊதுவீர்களே, அதையே!

தூக்குகிறவர்கள் தோள்கொடுக்க, மாதா சப்பரம் அப்படியே எழும்பிவிட்டது. "இன்னும் மந்திரிக்கலப்பா, எறக்குங்க!" என்று பங்குச் சாமியார் தீர்த்தச் செம்போடு ஓடிவந்தார். உங்கள் தம்பி தோளை அசைக்கவே இல்லை.

"அண்ணன் ஊதிட்டாரு சாமி, இனிமே எப்படி எறக்குறது?"

சாமியார் சிரித்துக்கொண்டே, கூட நடந்தபடியே தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் வெள்ளைக்காரர்கள் கைதட்டுகிறார்கள்!

தெருவெல்லாம் சுற்றிக் கோயில் வாசலுக்கு வந்துவிட்டோம். இறக்கச் சொல்லும் ஊதல் ஆல்பத்தில் இல்லை. சுமந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் என்ன செய்ய? கடைசியில் மணியடித்து இறக்கினார்கள்.

உங்கள் ஊதலைக் கேட்டு எனக்குள்ளும் ஒன்று எழும்பிவிட்டது, மாமா. இன்னும் இறங்கவில்லை. அதற்கு மணியடித்தால் ஆகாது. நேரில் வந்து ஊதுங்கள்.

இப்படிக்கு,
கோபமே இல்லாத உங்கள் வீட்டுக்காரி